ஒரு பகல் போதாது! தங்கச்சிமடத்து அக்கா காட்டும் ராமேஸ்வரம்

கோயம்புத்தூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மாலை ஏறிப் படுத்தால் திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, காரைக்குடி, மானாமதுரை எல்லாம் தூக்கத்திலேயே கடந்துபோய், புதன்கிழமை காலையில் கடலுக்கு நடுவே கண் விழிக்கலாம். அதே ரயில் புதன்கிழமை இரவே கோவைக்குத் திரும்பிவிடும். ஆக, போகும் டிக்கெட்டோடு சேர்த்துத் திரும்பும் டிக்கெட்டையும் போட்டுவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு ராமேஸ்வரம் என்பது ஒரே ஒரு பகல்.

வேனில் போகிறவர்கள் கதையும் இதேதான். கோபி, அவிநாசி, பொள்ளாச்சி என்று எங்கிருந்து கிளம்பினாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டெம்போ டிராவலரில் ஏறி, விடியற்காலை அக்னி தீர்த்தம், அப்புறம் 22 தீர்த்தம், தரிசனம், டிபன், தனுஷ்கோடியில் நாலு செல்ஃபி, சங்கு வளையல். மாலை 5 மணிக்கு வண்டி திரும்பிவிடும். கோவைக்கும் ராமேஸ்வரத்துக்கும் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் நாள் இரவு முழுக்க ஓட்டிய அதே டிரைவர்தான் மறுநாள் இரவும் ஓட்டுகிறார். இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

"உங்க ஊரு ஆளுகளப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும் தம்பி. அவ்வளவு தூரம் வந்துட்டு, ஈரத் துணியோட ஓடி ஓடி எதையாச்சும் பார்த்துட்டு, ராத்திரியே கிளம்பிருவாக" என்கிறார் அந்த அக்கா. சொந்த ஊர் தங்கச்சிமடம். ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் ராமேஸ்வரம் நகரத்துக்கும் நடுவில் இருக்கும் மீனவர் ஊர். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "பேரு, போட்டோ எல்லாம் வேண்டாம். ஊர்ல கேலி பண்ணுவாக" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கூட வேலை பார்ப்பவர்களில் யார் ராமேஸ்வரம் கிளம்பினாலும் இவரிடம்தான் கேட்கிறார்கள். நாமும் கேட்டோம்.

அவர் சொல்லும் முதல் விஷயம் ரொம்ப எளிது. குறைந்தது ஒரு ராத்திரியாவது தங்குங்கள். முடிந்தால் இரண்டு. செவ்வாய்க்கிழமை ரயிலில் போய், திரும்பும்போது அந்த ரயிலை விட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரயிலும் பஸ்ஸும் தினமும் உண்டு. மதுரையிலிருந்து கோவைக்கு வருவது பெரிய விஷயமே இல்லை. ரயில் நேரங்கள் அடிக்கடி மாறும் என்பதால் ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்? ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என்பது அக்காவின் ஓட்டு. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாள்களில் தர்ப்பணம் கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் வரட்டும், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தள்ளிப் போடலாம் என்கிறார். பேரூர் படித்துறையிலும் பவானி கூடுதுறையிலும் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஐயப்ப சீசனிலும் கூட்டம் நெரியும்.

பாலத்தில் தூங்காதீர்கள்

தீவுக்குள் நுழையும் வழியே ஒரு பார்வையிடம்தான். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடங்களுக்கு மேல் உழைத்துவிட்டு, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் வந்தால் பழைய பாலம் நடுவில் இரண்டு கையாக மேல்நோக்கி விரிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மொத்தமாக லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இந்தியாவில் கடல் மேல் இப்படி ஒரு பாலம் இதுதான் முதல்.

காரில் வருகிறவர்களுக்கு 1988-ல் திறந்த சாலைப் பாலம். அதன் நடுவில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது நிலவரம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் இல்லாத பாலம் அது. பாலத்தைத் தாண்டி பாம்பனில் இறங்கி, கரைக்குப் போனால் ரயில் பாலத்தை ஆற அமரப் பார்க்கலாம். கீழே படகுகள் வேறு நிற்கும். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

குழந்தைகளைக் கடலில் விளையாட விட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, உச்சிப்புளி பக்கத்தில் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்கு மரங்கள், ஆழமில்லாத கடல். "நாங்களே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அங்கதான் போவோம்" என்கிறார். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கும் அலை ஏறிவிடும்.

கோயிலை இரண்டு தடவை பாருங்கள்

ராமநாதசுவாமி கோயிலில் அதிகாலை 5 மணி வாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம். அதற்குப் பிறகு அக்னி தீர்த்தக் கடலில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். ஈரத் துணியோடு மூலவர் சந்நிதிக்குள் விட மாட்டார்கள். மாற்றுத் துணியைப் பையில் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. தீர்த்த டிக்கெட்டைக் கோயில் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். வெளியில் வழிமறித்து 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்பவர்களிடம் பேரம் பேசும் நேரத்தில் வரிசையே நகர்ந்துவிடும்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு அக்கா அழுத்திச் சொல்வது இது. 22 கிணறுகளும் ஒரே இடத்தில் இல்லை. எல்லாக் கல்தரையும் ஈரம். ஒவ்வொரு வாளித் தண்ணீரும் தலையில் பொத்தென்று விழும். "முட்டி வலிக்காரங்க, பிரஷர்காரங்க எல்லாம் வீம்புக்குப் போய் வழுக்கி விழுந்துருவாக தம்பி. கோடித் தீர்த்தத்த மட்டும் தலையில தெளிச்சுக்கிட்டா சாமி கோவிச்சுக்குமா?" இருபத்திரண்டில் கடைசியாக வருவது கோடித் தீர்த்தம். வீட்டுக்குக் கொண்டுபோவதும் அந்தத் தண்ணீரைத்தான்.

காலையில் இந்த ஓட்டத்தில் யாரும் கோயிலைப் பார்ப்பதில்லை. மதியம் நடை சாத்தி, மாலையில் திறந்த பிறகு இன்னொரு தடவை போங்கள். 1,212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தில் அப்போது தரை காய்ந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஒரு மூலையில் நின்று பார்த்தால் தூண் வரிசை சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியாக முடியும். ஒரு பகல் பயணத்தில் கிடைக்காதது இந்த மாலை நேரம்தான்.

கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் தெரு. அப்துல் கலாமின் வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. மாடியில் அவருடைய படங்களும் விருதுகளும். பேய்க்கரும்பில் இருக்கும் அவருடைய நினைவிடம் 2017-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை, அது சாலையோரம் இருக்கிறது. இந்த வீட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்ரீகர்களை ஏற்றிப் போகப் படகு கட்டிய அப்பா, யுத்த காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைப் பொறுக்கிய பையன் என்று அந்தக் குடும்பத்தின் கதையே இந்தத் தீவின் கதைதான்.

ஆண் கடல், பெண் கடல்

இப்போது தனுஷ்கோடிக்கு வருவோம். அக்கா அதிகம் பேசியதும், குரல் மாறியதும் இந்த இடத்தில்தான்.

ஊர்க்காரர்கள் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்பார்கள். வடக்கே பாக் நீரிணை 'பெண் கடல்'. ஒன்று எப்போதும் முரட்டு அலை, இன்னொன்று குளம் மாதிரி அமைதி. ஆனால் இது வருடம் முழுக்கப் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண் கடல் ஆடும். வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, பெண் கடலும் சீறும். இரண்டும் சேரும் இடம் அரிச்சல்முனை. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்தது. அதற்கப்புறம் வேனில் மணலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது முனை வரை வழுவழுவென்று ரோடு. அசோகர் தூண் இருக்கும் ரவுண்டானாவில் கார் நிற்கும். கதவைத் திறந்தால் கடல்.

வசதி வந்ததும் ஆபத்தும் கிட்டே வந்துவிட்டது. முனையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று இறங்குகிறார்கள். அடியில் இழுப்பு இரண்டு பக்கமும் இருக்கும். மணல்திட்டு இன்று இருந்த இடத்தில் அடுத்த மாதம் இருக்காது. "நோய்யல்ல நீச்சல் அடிச்சேன், பவானியில அடிச்சேன்னு சொல்லுவாக. ஆறு வேற, இது வேற. எங்க ஆளுகளே அந்த முனையில இறங்க மாட்டோம்." குளிக்கக் கூடாது என்ற பலகையும் அங்கேயே இருக்கிறது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. மாலையில் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள். மதிய வெயிலில் நிழலே கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ் போகிறது, ஆட்டோவில் போவதானால் ஏறும்முன் போக வர எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பேசிக்கொள்ளுங்கள். முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துவிடும் என்பதால் ரோமிங்கை அணைத்து வைப்பது பர்ஸுக்கு நல்லது.

முனைக்கு முன்னால் இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வரை அது ஒரு துறைமுக ஊர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயிலை விட்டிறங்கி, இங்கேயே கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். அன்று இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. அதற்குப் பிறகு மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. உடைந்துபோன பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் 46 நாள்களில் சரிசெய்தார். பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று நாம் கொண்டாடிய அதே ஸ்ரீதரன்தான்.

நம்மூரில் அமுச்சி என்போமே, அங்கே அம்மாச்சி. இந்த அக்காவின் அம்மாச்சிக்குக் கல்யாணம் நடந்தது அந்தத் தேவாலயத்தில்தான். "சுவத்து மேல ஏறி நின்னு ரீல்ஸ் எடுக்கிறாக. நான் ஒண்ணும் சொல்றதில்ல. அது பேய் பங்களா இல்ல தம்பி. எங்க அம்மாச்சி வீட்டு விசேஷம் நடந்த இடம்." இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். 'பேய் நகரம்' என்று தலைப்பு வைக்கும் யூடியூப் வீடியோக்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். அவர்கள் போடும் கடையில் பொரித்த மீன் சாப்பிடுங்கள், தாராளமாகப் பேச்சுக் கொடுங்கள். வீட்டுக்குள் கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். காலி வாட்டர் பாட்டிலைக் காரிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தனுஷ்கோடி போகும் வழியில் இடதுபக்கம் பிரியும் கோதண்டராமர் கோயில் 1964 புயலையும் தாண்டி நிற்கிறது. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்பது ஐதீகம். கோயிலுக்கு இரண்டு பக்கமும் தேங்கி நிற்கும் கடல்நீரில் ஜனவரி முதல் மார்ச் வரை பூநாரைகளைப் பார்க்கலாம். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ட்ரோன் எல்லாம் வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

யாரும் போகாத பக்கம்

அக்காவின் ஊர்ப்பெருமை, வில்லூண்டி தீர்த்தம். தங்கச்சிமடத்தில் கடலுக்குள் நடைபாலம் போட்டு, அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக்கடல், கிணற்றில் மட்டும் குடிக்கிற தண்ணீர். ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். கூட்டம் அதிகம் இருக்காது.

சூரிய அஸ்தமனத்துக்குக் குந்துகால். 1897 ஜனவரி 26-ம் தேதி, சிகாகோவில் பேசிவிட்டுக் கொழும்பு வழியாகத் திரும்பிய விவேகானந்தர் கால்வைத்த கரை. அவரை வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரியும் குருசடைத் தீவு, மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அதற்கு வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று தனியார் யாராவது சொன்னால் ஏறாதீர்கள்.

இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கு, சிப்பிப் பொருள்கள் வாங்கலாம். பவளப்பாறைத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே அட்டவணைப் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. மிதக்கும் கல் காட்டக் கூப்பிடுவார்கள். பார்ப்பதும் காசு போடுவதும் அவரவர் நம்பிக்கை.

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் கிராமத்தில், முகத்தில் கண்ணாடியும் காலில் கட்டிய தட்டுமாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் அக்கா சொன்னார். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச அளவில் 'சீகாலஜி' விருது கிடைத்தது. இது சுற்றுலாக் காட்சி அல்ல, அவர்கள் பிழைப்பு. காலையில் கரையில் பார்த்தால் வணக்கம் சொல்லிப் பேசுங்கள்.

மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

மேட்டூர் கட்லாவும் ஆழியாறு ஜிலேபியும் சாப்பிட்ட நாக்குக்கு ராமேஸ்வரம் ஒரு விருந்துதான். சீலா, பாறை, விளமீன், கணவாய், நண்டு. ஆனால் கோயில் தெருக்களில் தேடினால் சைவ ஹோட்டல்தான் கிடைக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போங்கள். தினமும் எல்லாப் படகும் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிப் போவதால், "இன்னிக்குக் கரைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டு ஆர்டர் செய்யுங்கள். மெனு கார்டைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். நம் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்த நேரத்தில் விசைப்படகு எதுவும் ஓடாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். "ரெண்டு மாசம் வருமானம் இல்லாத வீட்ல வந்து மீன் என்ன இவ்வளவு விலைன்னு கேப்பாக" என்று சிரிக்கிறார் அக்கா.

அவருடைய தம்பி விசைப்படகில் போகிறவர். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போவது அந்தத் தெருக்களில் புதுச் செய்தி அல்ல. படகு திரும்பாத இரவுகளில் திருப்பூரில் இருக்கும் அக்காவின் போன் விடிய விடியக் கையிலேயே இருக்கும். நீங்கள் போயிருக்கும் நாளில் மீனவர்கள் வேலைநிறுத்தம், தங்கச்சிமடத்தில் பந்தல், கொஞ்ச நேரம் வண்டிகள் நிற்கின்றன என்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பிடிபட்டவர்களின் அம்மாக்களும் மனைவிகளும்தான்.

ஊருக்கு என்ன வாங்கி வருவது? ராமநாதபுரம் பனைமரச் சீமை. கருப்பட்டி, பனையோலைக் கொட்டான், தை மாதமென்றால் பனங்கிழங்கு. கருவாடு வாங்குவதானால் கடைசி நாள், கிளம்பும்போது வாங்குங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் இறுக்க மூடுகிற டப்பா. ஸ்லீப்பர் கோச்சில் எதிர் பெர்த்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் உத்தமம் என்கிறார் அக்கா. ஈரோடு வரைக்கும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம் பாருங்கள்.